பெக்டரியின் பெயர், கிளாக்கரின் முகவரி

இலங்கை மலையகத்தின் அட்டனில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். தோட்டத்து ஒபிஸ்களில் இருந்து வரும் அழைப்புகளில் பாதி பிரிண்டருக்கு, மற்றப் பாதி மின்னல் அடித்துச் செத்த ரவுட்டருக்கு. மின்னஞ்சலுக்காக யாரும் கூப்பிடுவது அபூர்வம். அது மக்கர் பண்ணினால் போனில் பேசிவிடுவார்கள், இல்லாவிட்டால் கடிதத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அதனால் போன வருடம் ஜூன் மாதம், தென்மேற்கு மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் கூப்பிட்டு, "தம்பி, எங்க மெயிலுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க போல இருக்கு, கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?" என்றபோது உடனே கிளம்பினேன். தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கே வேண்டாம்.

விஷயம் இதுதான். இவர்களுடைய தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் புரோக்கர் கம்பனியில் இருந்து ஒருவர் தோட்டத்து மேனேஜரான துரையைப் போனில் பிடித்துக் கேட்டிருக்கிறார்: "உங்கள் பெக்டரியின் டிஸ்பேட்ச் கடிதங்கள் பல மாதமாக யாரோ ஒரு தனியாளின் ஜிமெயிலில் இருந்து வருகின்றன. தெரியுமா?" ஒரு இன்வொய்சில் மூட்டைக் கணக்கும் நிறையும் ஒத்துவரவில்லை என்று அவர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை. பி.ஓ.பி.எஃப். என்ற ரகத்தைச் சேர்ந்த அந்தத் தேயிலை அந்த வார ஏலத்தைத் தவறவிட்டது. (தேயிலைக்காரர்கள் பேச்சில் இன்வொய்ஸ் என்பது பில் இல்லை, ஒரே ரகத்தில் சேர்த்து அனுப்பும் மூட்டைத் தொகுதிக்கு அந்தப் பெயர். டிஸ்பேட்ச் என்பது அந்த மூட்டைகளை அனுப்பிவைப்பது.)

அந்தத் தனியாளின் ஜிமெயில் யாருடையது என்று பார்த்தால், நம் பெரிய கிளாக்கருடையது.

துரை கேட்ட கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கிளாக்கர் ஐயா பதறிப்போய் ஒபிஸ் கணினியில் 'சென்ட்' பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்புநர் இடத்தில் பெக்டரியின் முகவரி ஒழுங்காக இருந்தது. "முப்பது வருஷ சேர்விஸ்ல ஒரு கடுதாசிய நான் மாத்தி அனுப்பினதில்ல தம்பி" என்று நான் போனதும் முதலில் சொன்னார். தேத்தண்ணி வருவதற்கு முன்பே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புரோக்கர் பொய் சொல்லவும் காரணம் இல்லை.

மேசையில் இருந்தது

பெக்டரி ஒபிசில் ஒரு கணினி. அதில் தண்டர்பேர்ட். மொசில்லா 2004 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்ட அந்த இலவச மின்னஞ்சல் செயலிதான். நான்கைந்து முகவரிகளை ஒரே சன்னலில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவும், இணையம் அறுந்த நாட்களிலும் பழைய கடிதங்களைத் திறந்து பார்க்கலாம் என்பதற்காகவும் மலையகத்தில் நான் பார்த்த பல ஒபிஸ்களில் இது உயிரோடு இருக்கிறது. இடது பக்கப் பட்டியலில் நான்கு கணக்குகள் இருந்தன.

முதலாவது தோட்டத்தின் கம்பனி முகவரி, ஐமேப் முறையில் (கடிதம் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கணினியில் இருந்தும் பார்க்கலாம்). துரையின் பங்களா மடிக்கணினியிலும் அதே கணக்கு உண்டு. இரண்டாவது பெக்டரி முகவரி, அதே கம்பனி டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்). மூன்றாவது, கம்பனி டொமைன் வருவதற்கு முன்பு இணையச் சேவைக்காரர் கொடுத்த பழைய முகவரி, பொப் முறையில் (கடிதத்தைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை). நான்காவது கிளாக்கரின் ஜிமெயில். "கம்பனி மெயில் வேல செய்யாத அன்னைக்கு அவசரத்துக்கு" என்று முன்பு ஒரு பையன் போட்டுக் கொடுத்தானாம்.

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டாவது கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி முளைத்தது. ஐயா பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி 'கேன்சல்' அழுத்தினார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். மறுபடியும் கேன்சல். கொசு விரட்டுவது போலப் பழகிவிட்டிருந்தது. "அது அப்படித்தான் வரும், கண்டுக்காதீங்க." தண்டர்பேர்ட் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய கடிதம் பார்க்கும். அந்தக் கணக்கு மாதக்கணக்காகத் திறக்கவே இல்லை.

நான் தவறிய இடம்

முதல் ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கினேன். யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற பேச்சு காதில் ஏறிவிட்டதால், வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன், ஜிமெயிலில் எந்தெந்தக் கருவிகள் நுழைந்திருக்கின்றன என்று பார்த்தேன். ஒபிஸ் கணினி, ஐயாவின் போன், வேறு எதுவும் இல்லை. அப்புறம் 'ரிப்ளை டு' மேல் சந்தேகம் வந்தது. பதில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று அனுப்புபவரே குறித்து வைக்கும் கட்டம் அது. ஒருமுறை நிரப்பிவிட்டால் மறந்துபோகும், ஒவ்வொரு கடிதத்தோடும் போய்க்கொண்டே இருக்கும். நான்கு கணக்கிலும் காலியாக இருந்தது.

வழி காட்டியது ஐயாவின் போன். பையில் இருந்து எடுத்து, "இதப் பாருங்க, எனக்கே வெளங்கல" என்று காட்டினார். அவருடைய ஜிமெயிலின் அனுப்பியவை பெட்டியில், பேத்தியின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, டிஸ்பேட்ச் கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன. அவர் அவற்றை ஜிமெயிலில் எழுதவே இல்லை.

உடனே புரோக்கர் ஒபிசுக்குப் பேசி, அந்தக் கடிதங்களில் ஒன்றை எனக்கு இணைப்பாக அனுப்பச் சொன்னேன். வெறுமனே போர்வர்ட் செய்தால் தலைப்பு வரிகள் உதிர்ந்துவிடும். இணைப்பாக அனுப்பினால் கடிதம் முழுசாக வரும். வந்ததைத் திறந்து கன்ட்ரோல், யு அழுத்தினேன். 'ஃப்ரொம்' வரியில் பெயர் பெக்டரியின் பெயர். அதற்குப் பக்கத்தில் முகவரி கிளாக்கரின் ஜிமெயில். இன்னும் கொஞ்சம் கீழே 'எக்ஸ்-கூகுள்-ஒரிஜினல்-ஃப்ரொம்' என்று ஒரு வரி, அதில் பெக்டரியின் உண்மையான முகவரி. அந்த ஒரு வரி போதும். கடிதம் பெக்டரி முகவரியோடுதான் புறப்பட்டிருக்கிறது, ஆனால் ஜிமெயிலின் சர்வர் வழியாகப் போயிருக்கிறது. தன்னிடம் பதிவாகாத முகவரியை ஒருவர் அனுப்புநராகப் போட்டால், ஜிமெயில் அதை அழித்து, உள்நுழைந்தவரின் முகவரியை எழுதிவிடும். சரியான காரியம்தான்; இல்லாவிட்டால் யாரும் யாருடைய பெயரிலும் அனுப்பலாம். அனுப்பியதற்கு ஒரு பிரதியைத் தன் அனுப்பியவை பெட்டியிலும் போட்டுக்கொள்ளும்.

ஒபிஸ் கணினியில் இருந்த பிரதி ஏன் வேறு மாதிரி? தண்டர்பேர்ட் தான் எழுதியதைத் தான் வைத்துக்கொள்கிறது. கடிதம் கைமாறிய பிறகு அதன் மேல் என்ன எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியாது. பழைய ஒபிஸ்களில் பைலில் இருக்கும் கார்பன் பிரதி மாதிரி.

தப்பால்காரர்

ஐயாவுக்கும் துரைக்கும் நான் இதை விளக்கியது தோட்டத்துப் பாஷையில். தபால் கந்தோருக்குப் போய்ப் பையைச் சுமந்துவரும் தப்பால்காரர் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். கடிதம் வந்து விழும் பெட்டி ஒன்று. கடிதத்தின் மேலே அச்சடித்திருக்கும் பெயர், முகவரி இன்னொன்று. அதைக் கொண்டுபோகும் தப்பால்காரர் மூன்றாவது. தண்டர்பேர்டில் இந்த மூன்றும் தனித்தனி. பெட்டி என்பது கணக்கு. கடிதத்தலைப்பு என்பது ஐடென்டிட்டி. ஒரு கணக்குக்கு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். தப்பால்காரர் என்பது எஸ்.எம்.டி.பி. சர்வர். அந்தப் பட்டியல் கணக்குகளுக்கு வெளியே, அமைப்புப் பக்கத்தின் அடியில் தனியாகக் கிடக்கிறது. எந்தத் தலைப்பை எந்த ஆளிடம் கொடுப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இந்த ஒபிசில் எல்லாத் தலைப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள், அந்த ஆள் கிளாக்கர் வீட்டு ஆள். நான் இந்தத் தொழிலில் பார்க்கும் மின்னஞ்சல் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை. செயலியும் கணக்குச் சேர்க்கும்போது மூன்றையும் ஒரே படிவத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறது, பிறகு மூன்று இடத்தில் வைக்கிறது. குழம்புகிறவரைக் குறை சொல்ல முடியாது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒரு வார்த்தை சொன்னார். "லயத்துப் புள்ளைங்க கடுதாசி எல்லாம் ஒபிசுக்கு வந்து கெடக்கும். இப்ப ஒபிஸ் கடுதாசி ஐயா வீட்டுக்குப் போயிருக்கு." எல்லோரும் சிரித்தோம், ஐயா உட்பட. ஆனால் சிரித்து முடிகிற விஷயம் இல்லை அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமல், தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் ஒபிசில் காத்துக்கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் எத்தனையோ வீட்டில் உண்டு. என் அக்காவுக்கு நடந்தது. முகவரி என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எப்படி ஆரம்பித்தது

பின்னோக்கிப் போனால் காரணம் மிகச் சின்னது. முந்தின வருடம் சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்த கையோடு, கம்பனியின் கொழும்பு ஒபிசில் எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். ஐயா புதியதைக் கணினியில் அடித்தார். கடிதங்கள் வந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தார். ஆனால் தண்டர்பேர்ட் வாங்குவதற்கு ஒரு பாஸ்வேர்டும் அனுப்புவதற்கு ஒரு பாஸ்வேர்டும் தனித்தனியாகச் சேமிக்கிறது, இரண்டும் ஒரே சொல்லாக இருந்தாலும். அனுப்பும் பக்கத்தில் பழையது அப்படியே கிடந்தது. முதல் கடிதம் அனுப்பும்போது பெட்டி எழுந்து கேட்டிருக்கும். ஐயாதான் பெட்டி எழுந்தால் கேன்சல் அழுத்தப் பழகியவராயிற்றே.

அனுப்ப முடியவில்லை. அன்றைக்கு டிஸ்பேட்ச் லொறி கிளம்பி நின்றது. அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் கணக்கு அமைப்புகளுக்குப் போய், வெளியே அனுப்பும் சர்வர் என்ற இடத்தில் ஜிமெயிலைத் தெரிவு செய்துவிட்டான். கடிதம் போனது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வருடத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. புரோக்கர் 'ரிப்ளை' அழுத்திய பதில்கள் மட்டும் ஐயாவின் ஜிமெயிலுக்குப் போயின. அவர் அதைத் திறப்பது பேத்தியின் படம் வந்தால்தான். அந்த மூட்டைக் கணக்குக் கடிதம் வந்த வாரம் அவர் கண்டியில், ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்தார்.

பையனையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். லொறி நிற்கும்போது நானும் அதைத்தான் செய்திருப்பேன். மறுநாள் திரும்பி வந்து பழையபடி வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

சரி செய்தது

எதையும் தொடும் முன் தண்டர்பேர்டை மூடி, கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் ப்ரொஃபைல் போல்டரை அப்படியே ஒரு யு.எஸ்.பி.யில் நகல் எடுத்தேன். 'ஹெல்ப்' பட்டியலில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் அந்த போல்டர் இருக்கும் இடம் தெரியும். பொப் கணக்கு உள்ள கணினியில் இது கட்டாயம். அந்தக் கடிதங்களுக்கு வேறு எங்கும் பிரதி இல்லாமல் போகலாம்.

பிறகு கொழும்பு ஒபிசுக்குப் பேசினேன். அங்கே கிடைத்த தகவல் பாதி வேலையை முடித்தது: பெக்டரி முகவரிக்கு என்று தனிப் பெட்டியே கிடையாது. அது தோட்டத்து முகவரியின் இன்னொரு பெயர். அதற்கு எழுதும் கடிதமும் தோட்டத்துப் பெட்டிக்குத்தான் வந்து விழும். இல்லாத பெட்டிக்கு ஒரு கணக்கு போட்டு, அது திறக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த இரண்டாவது கணக்கை எடுத்தேன். நீக்கும்போது 'மெசேஜ் டேட்டாவையும் நீக்கவா' என்று ஒரு கட்டம் வரும். அதில் கை வைக்காமல் விட்டேன், பழக்கம். தோட்டத்துக் கணக்கின் அமைப்புப் பக்கத்தில், வலது கீழ் மூலையில் உள்ள 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' பொத்தானை அழுத்தி, பெக்டரி முகவரியை இரண்டாவது ஐடென்டிட்டியாகச் சேர்த்தேன். அதற்குத் தனிப் பெயர், தனிக் கையொப்பம். துரையின் பெயர் பெக்டரிக் கடிதத்தில் வரக் கூடாது என்பது டீமேக்கரின் கறாரான நிபந்தனை. அனுப்பியவை பெட்டி தோட்டத்துக் கணக்கிலேயே, அதாவது துரை பங்களாவில் இருந்தும் பார்க்கக்கூடிய இடத்தில். வெளியே அனுப்பும் சர்வர், கம்பனியுடையது. அந்தச் சர்வர் இரண்டாவது பெயரில் அனுப்ப விடுமா என்று கொழும்பில் முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டேன். எல்லா இடத்திலும் விடாது.

எஸ்.எம்.டி.பி. பட்டியலைத் திறந்தபோது அதில் இன்னொரு பழைய சர்வரும் இருந்தது, எப்போதோ நீக்கிய ஒரு கணக்கின் மிச்சம். ஆளில்லாத வீட்டில் பூட்டாத கதவு மாதிரி. அதையும் ஜிமெயில் சர்வரையும் நீக்கினேன். கம்பனி சர்வரை 'டிஃபோல்ட்' ஆக்கி, ஒவ்வொரு சர்வருக்கும் இருக்கும் 'டிஸ்க்ரிப்ஷன்' கட்டத்தில் 'கம்பனி', 'பழையது' என்று தமிழில் எழுதிவைத்தேன். சர்வர் பெயர்களை வைத்துத் தெரிவு செய்யச் சொன்னால் யாரும் தடுமாறுவார்கள். சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலில் இருந்து பழையவற்றை அழித்து, புதியதை வாங்கும் பக்கத்துக்கும் அனுப்பும் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போட்டேன்.

ஐயாவின் ஜிமெயிலை ஒபிஸ் கணினியில் இருந்து முழுவதுமாக எடுத்தோம். அதற்கு முன், அதில் மாட்டியிருந்த தோட்டத்துக் கடிதங்களை எல்லாம் தெரிவு செய்து, தோட்டத்துக் கணக்கின் ஒரு போல்டருக்கு இழுத்துப் போட்டேன். இரண்டும் ஐமேப் என்பதால் இழுத்தால் போதும், தேதியும் தலைப்பும் மாறாமல் வந்துவிடும். நூற்றுச் சொச்சம் கடிதங்கள். தோட்டத்து இணையம் போகும் வேகத்தில் அரை மணி நேரம் ஆனது. ஐயா ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பரீட்சை. பெக்டரி முகவரியில் இருந்து என் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம். என் போனில் பார்க்காமல், மடிக்கணினியில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினேன். அனுப்புநர் சரி, எஸ்.பி.எஃப். என்ற வரியில் 'பாஸ்'. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று அந்த டொமைன்காரர் வெளியிடும் பட்டியல்தான் எஸ்.பி.எஃப். வாங்கும் பக்கம் அதைப் பார்த்து முடிவு செய்யும். தன் ஆளிடம் கொடுக்காமல் கண்டவரிடம் கொடுத்தனுப்பும் கடிதம், முகவரி மாறாமலே போயிருந்தாலும், பல இடத்தில் ஸ்பாம் பெட்டியில்தான் விழுந்திருக்கும். பிறகு நான் பதில் போட்டேன், அதற்கு ஐயா பதில் போட்டார். தண்டர்பேர்ட் வந்த கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்து, அதே ஐடென்டிட்டியைத் தானாக எடுக்கும். பெக்டரிக்கு வந்ததற்கு பெக்டரியே பதில் சொன்னது. மறை பிரதியாக (பி.சி.சி.) வரும் கடிதத்தில் மட்டும் இது பலிக்காது. கணக்கின் முதல் ஐடென்டிட்டிக்குப் போய்விடும், அதாவது துரையின் பெயருக்கு. அனுப்பும் முன் 'ஃப்ரொம்' வரியை ஒரு பார்வை பார்க்கச் சொல்லி வைத்தேன்.

கிளம்பும்போது ஐயா ஒரு கேள்வி கேட்டார். புரோக்கரின் முகவரி முதல் இரண்டு எழுத்து அடித்ததும் தானாக வருகிறதே, அப்படி அனுப்பும் கடிதம் ஏன் சில நாள் திரும்பி வருகிறது? முகவரிப் புத்தகத்தைத் திறந்தேன். 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற பகுதியில் அதே முகவரி இரண்டு தடவை இருந்தது, ஒன்றில் ஓர் எழுத்து தப்பு. நாம் எழுதி அனுப்பும் புது முகவரியை எல்லாம் செயலி அதில் சேர்த்துக்கொள்ளும், தப்பானதையும் சேர்த்து. அழித்தேன். ஐந்து வினாடி வேலை, ஆனால் அன்றைக்கு ஐயா அதிகம் சந்தோஷப்பட்டது இதற்குத்தான்.

மிச்சம்

பழைய பொப் கணக்கை என்ன செய்வது என்பதில் எனக்கும் டீமேக்கருக்கும் ஒத்துவரவில்லை. அதை மூடிவிடலாம் என்றேன். அந்தச் சேவையில் ஐமேப் இல்லை, கடிதம் இந்த ஒரு கணினியில் மட்டும் இறங்குகிறது, இறங்கியதும் சர்வரில் இருந்து அழிந்துவிடும்படி யாரோ வைத்திருக்கிறார்கள். கணினி போனால் கடிதமும் போகும். டீமேக்கர் கேட்கவில்லை. இயந்திர உதிரிப்பாகம் அனுப்புபவர், விறகு சப்ளைக்காரர் எல்லோரும் அந்த முகவரிக்கே எழுதுகிறார்கள் என்றார். கடைசியில், சர்வரில் 14 நாள் பிரதி இருக்கும்படி அந்தக் கட்டத்தில் சரிக்குறி போட்டேன். அனுப்புவதற்கு அந்த முகவரியைப் பாவிக்காமல், வந்த கடிதத்துக்குப் பெக்டரி முகவரியில் இருந்து பதில் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து ஐயா கூப்பிட்டார். புரோக்கர் ஒபிசில் இருந்து பதில்கள் ஒழுங்காக வருகின்றனவாம், பாஸ்வேர்ட் பெட்டி எழுவதில்லையாம். "ஆனா ஒரு விஷயம் தம்பி." பெக்டரியின் கடிதத்தாளில் அச்சடித்திருப்பது அந்தப் பழைய முகவரி, ரப்பர் சீலிலும் அதுதான். டிஸ்பேட்ச் பேப்பரோடு லொறியில் போவதெல்லாம் அதில்தான் போகிறது. புதிதாக அடிக்கத் துரை அனுமதி கொடுத்துவிட்டார், ஆனால் ஸ்டோரில் இன்னும் மூன்று றீம் பழைய தாள் இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டுமாம். அதுவரை அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி ஐயா என்றேன்.